குற்றாலச் சாரலில் ஓர் ஈரான் பிளான்!

தென்காசி பெரிய கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். கோபுர வாசலில் எதிரே வந்து வேட்டியைப் பிடித்து இழுக்கும். நெற்றியில் விபூதி நிற்காது. நாலு எட்டு உள்ளே வைத்தால் அதே காற்று முதுகில் கைவைத்து, ‘போய்யா உள்ளே’ என்று தள்ளும். ஆனி, ஆடியில் இதோடு சாரலும் சேர்ந்துகொண்டால் ஆபீஸ், லோன், இன்கிரிமென்ட் எல்லாம் மறந்துபோய் மனுஷனுக்கு ஊர் சுற்றும் ஆசை வந்துவிடும். எந்த ஊர் என்பதில்தான் தகராறு.

2024 ஜூலையில் எங்கள் கோஷ்டிக்கு வந்த ஆசை, ஈரான்!

கோஷ்டி என்றால் மொத்தம் மூன்று பேர். பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் கொஞ்ச காலம் பச்சை மையில் டிக் அடித்துவிட்டு இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கும் நான்; கடையநல்லூர்க்காரனான கூட்டுறவு சொசைட்டி கேஷியர்; தென்காசி பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் ஒரு நண்பன். மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள். சீசன் தவறாமல் ஐந்தருவியில் ஆஜர். உடம்பெல்லாம் எண்ணெய் சொட்டச் சொட்ட வரிசையில் நிற்கும்போது கம்ப்யூட்டர்தான் ஆரம்பித்தான்.

“ஏல, ஈரானுக்கு விசாவே வேண்டாமாம். போவமா?”

அவன் சொன்னது நிஜம். 2024 பிப்ரவரி 4 முதல் இந்தியர்களுக்கு ஈரான் விசா விலக்கு கொடுத்திருந்தது. விமானத்தில் போய் இறங்க வேண்டும், சுற்றுலா மட்டும், 15 நாள்தான், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று நிபந்தனைகள். (ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஈரான் போகிற அளவுக்கு எங்களில் யாருக்கும் பி.எஃப். சேரவில்லை.)

ஈரான் ஒன்றும் நமக்கு அந்நியம் இல்லை. தென்காசி தாலுகா ஆபீஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். தாசில்தார், ஜமாபந்தி, ரசீது... பாதி வார்த்தை பாரசீகத்திலிருந்து வந்ததுதான். வெளியே வந்தால் பஜார், அதுவும் அங்கேயிருந்து வந்ததே. கடற்கரைப் பக்கம் கேட்டால் இன்னும் நெருக்கம். கன்னியாகுமரி, நெல்லை, ராமநாதபுரம் மீனவர்கள் ஈரான் படகுகளில் சம்பளத்துக்கு மீன் பிடிக்கப் போவது பல வருஷப் பழக்கம். கொரோனா சமயம் அங்கே மாட்டிக்கொண்டவர்களை பந்தர் அப்பாஸிலிருந்து ‘ஐ.என்.எஸ். ஜலாஷ்வா’ என்ற கடற்படைக் கப்பல் ஏற்றி வந்து, 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் இறக்கியது. 687 பேர்.

ஆக, பிளான் போட்டோம். டெஹ்ரான், மூன்றாவது நாள் இஸ்பஹான், அப்புறம் ஷிராஸ், பெர்சபோலிஸ் இடிபாடுகள், திரும்ப டெஹ்ரான். பத்து நாள். 2025 செப்டம்பரில் வெயில் தணிந்ததும் கிளம்புவதாக முடிவு. ஆளுக்கு ஒன்றரை லட்சம். கேஷியர் ஒரு சிவப்பு ஃபைல் வாங்கி மேலே ‘ஈரான்’ என்று எழுதினான். சொசைட்டி ஃபைல்தான், கேட்காதீர்கள்.

முதல் முட்டுக்கட்டை, ஓட்டல். நாம் வழக்கமாக ரூம் போடுகிற சர்வதேச ஆப்களில் ‘இஸ்பஹான்’ என்று தட்டினால் ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டர் மூன்று தடவை ஸ்பெல்லிங்கை மாற்றிப் பார்த்தான். ஸ்பெல்லிங் சரிதான். அந்த ஆப்கள் ஈரானில் வியாபாரமே செய்வதில்லை. அந்த ஊர் ஏஜென்ஸிக்கோ ஓட்டலுக்கோ நேரே எழுதி, ‘வருகிறோம், வந்து ரொக்கமாகத் தருகிறோம்’ என்று சொல்லித்தான் ரூம் பிடிக்க வேண்டும்.

அங்கேதான் ‘பொருளாதாரத் தடை’ என்ற வார்த்தை பேப்பர் செய்தியிலிருந்து இறங்கி எங்கள் ஃபைலுக்குள் வந்தது.

தடை போட்டவர்கள் உங்களையும் என்னையும் நினைத்துப் போடவில்லை. 1979-ல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஆட்களைப் பிணை பிடித்ததில் ஆரம்பித்தது. அணுசக்தி விவகாரத்தில் 2006-லிருந்து ஐ.நா.வும் சேர்ந்துகொண்டது. 2015-ல் ஒப்பந்தம், 2018 மே மாதம் அமெரிக்கா வெளிநடப்பு, மறுபடி தடை. சுற்றுலாவாக ஈரானுக்குப் போகக்கூடாது என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உலகத்து பாங்குகளுக்கெல்லாம் டாலர் வேண்டும், டாலருக்கு அமெரிக்கா வேண்டும். அதனால் ஈரான் பெயர் வந்தாலே பாங்குகள் கவுன்டரை மூடிவிடும். நம் அரசாங்கமே ஈரானிடம் எண்ணெய் வாங்கிய காலத்தில், பணம் கட்டுவதற்கு 2012-ல் யூகோ பாங்கில் தனியாக ஒரு ரூபாய் கணக்கு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு தேசத்துக்கே இந்தப் பாடு. என் ஏ.டி.எம். கார்டு எம்மாத்திரம்?

விசா கார்டு, மாஸ்டர் கார்டு இரண்டும் ஈரானில் வெறும் பிளாஸ்டிக். ஏ.டி.எம். மெஷின் இருக்கும், பணமும் இருக்கும், உங்களுக்கு இருக்காது. ரஷ்யாவிலும் 2022 மார்ச்சிலிருந்து இதே கதைதான். அந்த இரண்டு கம்பெனிகளும் வெளியேறிவிட்டதால் வெளிநாட்டில் வாங்கிய கார்டுகள் அங்கே ஓடுவதில்லை. பையனை டாக்டருக்குப் படிக்க ரஷ்யா அனுப்பிய நம்மூர் அப்பாக்களைக் கேளுங்கள், ஃபீஸ் கட்டுகிற கதையை விடிய விடியச் சொல்வார்கள்.

“ரொக்கமா எவ்வளவு கொண்டு போக விடுவான்?” என்று கேட்டான் கேஷியர். தொழில் பக்தி.

இங்கே ரிசர்வ் பாங்க்கை நான் பாராட்டியே ஆக வேண்டும். சாதாரணமாக ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாகத் தருவார்கள், மீதியைக் கார்டில் போட்டுக்கொள்ள வேண்டும். ஈராக், லிபியாவுக்கு 5,000 டாலர் வரை. ஆனால் ஈரானுக்கும் ரஷ்யாவுக்கும் பழைய சோவியத் கூட்டத்தைச் சேர்ந்த சில நாடுகளுக்கும் போகிறவர்கள், தங்களுக்கு அனுமதி உள்ள அந்நியச் செலாவணி முழுவதையும் நோட்டாகவே வாங்கிக்கொள்ளலாம்! ‘அந்த ஊரில் உன் கார்டு செல்லாதப்பா’ என்று சர்க்கார் பாஷையில் அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. திரும்பி வரும்போது நோட்டு மட்டும் 5,000 டாலருக்கு மேல் கையில் மிஞ்சியிருந்தால் கஸ்டம்ஸில் எழுதிக்கொடுக்க வேண்டும். எங்களுக்கு அந்த பயம் இல்லை.

நோட்டு வாங்குவதிலும் சூட்சுமம் இருக்கிறது. மடங்கின, கிறுக்கின, ஓரம் கிழிந்த டாலரை அங்கே வாங்கமாட்டார்கள். தென்காசி பஸ் கண்டக்டர் கொடுக்கும் நாலாக மடித்த பத்து ரூபாய் நோட்டை வாங்கிப் பழகிய நமக்கு இது புதுசு. மணி சேஞ்சரிடம் வாங்கும்போதே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும். நூறு டாலர் மட்டும் போதாது, சின்ன நோட்டுகளும் வேண்டும். மாற்றுவதை அங்கே லைசென்ஸ் உள்ள கடையில்தான் மாற்ற வேண்டும். அந்தக் கடைக்கு அங்கே ‘ஸராஃபி’ என்று பேர். நம்மூர் சராப்புக் கடையின் பெரியப்பா! தெருவில் தோளைத் தட்டி ‘டாலர்? டாலர்?’ என்பவனிடம் கூடாது. ஒன்று கள்ள நோட்டு கிடைக்கும், இல்லாவிட்டால் போலீஸ் கிடைக்கும்.

அடுத்த குழப்பம், கணக்கு. நோட்டில் ரியால் என்றிருக்கும். வாய் தோமான் என்று சொல்லும். ஒரு தோமான் என்றால் பத்து ரியால். டாக்ஸிக்காரர் ‘நூறு’ என்றால் அது நூறு ரியாலும் இல்லை, நூறு தோமானும் இல்லை, நூறாயிரம் தோமான். அதாவது பத்து லட்சம் ரியால். ‘டெபிட் வாட் கம்ஸ் இன்’ படித்த எனக்கே கண்ணைக் கட்டியது. விலை கேட்டதும் தாளில் எழுதித் தரச் சொல்வதுதான் ஒரே வழி. இன்னொன்று, பணத்தை நீட்டினால் டாக்ஸிக்காரர் நெஞ்சில் கைவைத்து ‘வேண்டாம், வேண்டாம்’ என்பாராம். உடனே இறங்கி நடந்துவிடக்கூடாது. அது ‘தாரோஃப்’ என்கிற மரியாதை. நம்மூரில் பந்தி நேரத்தில் வீட்டுக்கு வந்தவரை ‘சாப்ட்டுட்டுத்தான் போகணும்’ என்கிறோமே, சிலர் நிஜமாகவே உட்கார்ந்துவிடுவதில்லையா? அந்த ஆளாக நாம் இருக்கக்கூடாது. இரண்டு தடவை வற்புறுத்திக் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு ரொக்கம் என்பதைத் தீர்மானிக்க கேஷியர் எங்களைத் தன் சாச்சாவிடம் அழைத்துப் போனான். கடையநல்லூரில் வீடு. அறுபத்தைந்து தாண்டிய மனிதர். குவைத்தில் மளிகைக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையாக இருந்தவர். 1990-ல் திரும்பி வந்தார். திரும்பி வந்தார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன்.

“தென்காசி கோயில்ல புதுக் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்துச்சுல்லா, அந்த வருசம்தான்” என்று ஆரம்பித்தார் சாச்சா. “ஆகஸ்ட் ரெண்டாந்தேதி காலைல கடையத் தொறக்கப் போனா ரோட்டுல டாங்கி நிக்கி. ஈராக்கு வந்துட்டாங்கான். சம்பளமெல்லாம் பாங்க்ல கெடக்கு. பாங்க் பூட்டிக் கெடக்கு.”

நாலே நாளில், ஆகஸ்ட் 6 அன்று, ஐ.நா. பாதுகாப்பு சபை ஈராக் மேல் தடை போட்டது. ஈராக் பிடியில் இருந்த குவைத்துக்கும் அதே கதிதான். ஒரு நேரத்தில் ஒரு தினார், பல ஈராக் தினாருக்குச் சமமாக இருந்தது. சதாம் அரசு ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று அறிவித்தது. கொஞ்ச நாளில் ‘குவைத் தினாரே செல்லாது’ என்றது. சாப்பாட்டுச் சாமானுக்கே அல்லாட்டம். அங்கே மாட்டிக்கொண்ட இந்தியர்களுக்கு உணவுப் பொருள் அனுப்ப ஐ.நா.விடம் தனியாக அனுமதி வாங்கித்தான் நம் அரசாங்கம் கப்பல் அனுப்ப முடிந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள் அப்போது குவைத்தில். பாஸ்ராவுக்குப் போய், பாக்தாத் போய், பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டானில் அம்மான். அங்கேயிருந்து பம்பாய்க்கு ஏர் இந்தியா விமானங்கள். அக்டோபர் வரை சளைக்காமல் பறந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்தன.

“அம்மானுக்கு வந்தாத்தானே பிளேன்? அதுவரைக்கும் ஆரு காசு? தினார நீட்டுதேன், டிரைவர் மொகத்தத் திருப்புதான். கையில சீக்கோ வாட்ச் கெடந்துச்சு. அதக் களட்டிக் குடுத்தேன். பாக்தாத் வரைக்கும் வந்தான். மோதிரம் பாக்கிக்கு.”

“எல்லைல கூடாரத்துல எத்தன நாள் சாச்சா?”

“எண்ணலடா” என்றார். சட்டென்று எழுந்து உள்ளே போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

அப்புறம் கணக்குச் சொன்னார். பத்து நாள் செலவு எவ்வளவு என்று எழுது. அதில் பாதியை அதன் மேல் வை. அது போக, பக்கத்து நாடு ஏதாவது ஒன்றுக்கு ரோடு வழியாகப் போய், அங்கேயிருந்து மூன்று பேரும் டிக்கெட் வாங்கி ஊர் வந்து சேரும் காசைத் தனியாகக் கட்டிவை. அந்தக் கட்டை ஊர் திரும்பும் வரை பிரிக்காதே. மூன்றையும் ஒரே பையில் போடாதே, ஒரே ஆளிடமும் கொடுக்காதே. “இவன்ட்ட குடுக்காத” என்று கேஷியரைக் காட்டினார். சொசைட்டியில் லட்சக்கணக்காக எண்ணுகிறவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அவர் சொன்ன இன்னொன்றும் ஃபைலில் ஏறியது: ‘முழு டிக்கெட் காசையும் முதல்லயே குடுத்துராத’. கம்ப்யூட்டருக்கு இதில் உடன்பாடு இல்லை. சீக்கிரம் எடுத்தால் சல்லிசாகக் கிடைக்குமே என்றான். நான் சாச்சா பக்கம். தேதியை மாற்றவும் ரத்து செய்யவும் முடிகிற டிக்கெட் நாலாயிரம் ஐயாயிரம் கூட இருந்தாலும் அதுதான் மலிவு.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. ஒரு பயணக் காப்பீட்டு பாலிசியை வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்தில் புன்னகை செய்யும் குடும்பம். பதினேழாம் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில், ‘சர்வதேசத் தடைகளை மீறுவதாகும் எந்தப் பணத்தையும் தரமாட்டோம்’ என்று ஒரு வரி. அதற்குக் கொஞ்சம் மேலே, யுத்தத்தால் வரும் எதற்கும் பொறுப்பில்லை. ஆக, ஷிராஸில் கால் முறிந்தால் கட்டு போட ரொக்கம். யுத்தம் வந்தால் நீ, உன் கால். இந்த வரி அனேகமாக எல்லாக் கம்பெனி பாலிசியிலும் உண்டு. ‘ஈரானுக்குச் செல்லுமா, ஆஸ்பத்திரிக்கு நேரே பணம் கட்டுவீர்களா’ என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் பிரீமியம் கட்டுவது கோயில் உண்டியலில் போடுவதற்குச் சமம். உண்டியலில் போட்டால் புண்ணியமாவது வரும்.

ஆபீஸ் லாப்டாப்! கம்ப்யூட்டர் நண்பன் அதைத் தூக்கிக்கொண்டு வருவதாக இருந்தான், ‘அவசரம்னா லாகின் பண்ணிக்கலாம்’ என்று. கூடவே கூடாது. அமெரிக்காவில் செய்த சாமானும் சாஃப்ட்வேரும் தடை போட்ட நாட்டுக்குள் போவதற்கே அங்கே சட்டம் இருக்கிறது. அமெரிக்க கிளையன்ட் உள்ள கம்பெனிகள் அனேகமாகத் தங்கள் ஆட்களை அனுமதிப்பதில்லை. 2018 டிசம்பரில் ‘ஸ்லாக்’ என்ற ஆபீஸ் அரட்டைக் கம்பெனி, ஈரானுக்குச் சும்மா போய்வந்த சிலரின் கணக்கைக்கூட மூடிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. லீவு போட்டுவிட்டு இஸ்பஹான் பாலத்தில் உட்கார்ந்து ஆபீஸ் மெயிலைத் திறந்தால், திங்கட்கிழமை எச்.ஆர். உங்களைத் திறப்பார். பழைய போன் ஒன்று போதும். அதிலும் நம்பர்களை ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைக்க வேண்டும். டெஹ்ரான் இந்தியத் தூதரகம் தவிர, பந்தர் அப்பாஸிலும் ஸாஹிதானிலும் நம் துணைத் தூதரகங்கள் உண்டு.

அப்புறம், ஆன்சைட் கனவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க விசா பாரத்தில் கடந்த ஐந்து வருஷத்தில் எந்தெந்த நாட்டுக்குப் போனாய் என்று கேட்பார்கள். மறைக்கக்கூடாது, மறைத்தால் அதுதான் குற்றம். எழுதினால் கேள்வி வரும். பதில் சொல்லத் தயாராக இருப்பவர்கள் போகலாம். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மாமனார் அமெரிக்காவில் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

துணிமணி, சாப்பாடு பற்றியெல்லாம் நீட்டவில்லை. அரை டிராயர் கூடாது, ‘சரக்கு’ நாடு முழுக்கக் கிடையாது (கம்ப்யூட்டர் இரண்டு நாள் யோசித்தான்). சர்க்கார் கட்டடம், போலீஸ், ஏர்போர்ட், பாலம் எதையும் போட்டோ எடுக்காதே, சந்தேகம் வந்தால் வேவு பார்த்தாய் என்பார்கள். பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் போன அடையாளம் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். மாத்திரைகளை இங்கிருந்தே டாக்டர் சீட்டோடு கொண்டுபோக வேண்டும், வெளிநாட்டு மருந்துகளுக்குத் தடை காரணமாகத் தட்டுப்பாடு வரும். உள்நாட்டு விமானங்கள் உதிரிபாகம் கிடைக்காமல் வயசானவை, அதனால் டெஹ்ரானிலிருந்து ஷிராஸ் வரை பஸ். ‘வி.ஐ.பி.’ பஸ்ஸில் ஒரு வரிசைக்கு மூன்றே சீட்டாம். பொதிகை எக்ஸ்பிரஸில் ஆர்.ஏ.சி.யில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு அதுவே சொர்க்கம்.

இதை எல்லாம் விடப் பெரிய பயம், சுற்றுலா போகிறவனுக்கு இல்லை; சுற்றுலா என்று சொல்லி வேலைக்குப் போகிறவனுக்கு. விசா வேண்டாம் என்றதும் சில ஏஜென்டுகள் அதையே தூண்டில் புழு ஆக்கிவிட்டார்கள். ‘ஈரான் போ, அங்கேயிருந்து ஆஸ்திரேலியா அனுப்புறேன்’ என்று நம்பவைத்து அனுப்பப்பட்ட பஞ்சாப் இளைஞர்கள் மூன்று பேர், 2025 மே மாதம் டெஹ்ரானில் இறங்கியதும் கடத்தப்பட்டார்கள். வீட்டுக்குப் போன் போட்டுப் பணம் கேட்டார்கள். ஜூன் மாதம் ஈரான் போலீஸ் மீட்டது. ரஷ்யாவில், ‘ஹெல்பர் வேலை’ என்று போன நம் பையன்கள் சிலர் யூனிஃபார்ம் மாட்டி யுத்த முனையில் நிறுத்தப்பட்டது 2024-ல் வெளியே வந்தது. சிலர் திரும்பி வரவே இல்லை. நம் பக்கத்திலும் பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் டீக்கடையில் நின்று ‘அண்ணாச்சி, ஒரு ஏஜென்ட் சொல்லுதார்’ என்று ஆரம்பிக்கிறார்கள். ஏஜென்டுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் லைசென்ஸ் இருக்கிறதா என்பதை ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அஞ்சு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். வேலைக்கு வேலை விசா. ‘முதல்ல டூரிஸ்டாப் போ, அப்புறம் மாத்திக்கலாம்’ என்கிறவனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

2025 சீசன் வந்தது. ஜூன் 13. வெள்ளிக்கிழமை. சாரல் சன்னமாக ஆரம்பித்திருந்தது. காலையில் டி.வி.யைப் போட்டால் இஸ்ரேல் விமானங்கள் ஈரானைத் தாக்கிக்கொண்டிருந்தன. அன்றே ஈரான் வான்வெளி மூடல். விமானம் இல்லை. சில நாளில் இன்டர்நெட்டும் இல்லை. ஜூன் 22 அன்று அமெரிக்கா குண்டு போட்ட மூன்று இடங்களில் ஒன்று இஸ்பஹான். எங்கள் பிளானில் மூன்றாவது நாள்.

அங்கே படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள்தான் பாவம். உர்மியா ஊர் மெடிக்கல் மாணவர்களை முதலில் ரோடு வழியாக ஆர்மீனியாவுக்குக் கொண்டுபோய், அங்கேயிருந்து விமானத்தில் டெல்லிக்குக் கொண்டுவந்தார்கள். 110 பேர், ஜூன் 19. அப்புறம் மஷாத் நகரிலிருந்து நம் ஆட்களுக்கென்றே ஈரான் வானைத் திறந்துவிட்டது. ‘ஆபரேஷன் சிந்து’ என்று பெயர். ஈரானிலிருந்து மட்டும் மூவாயிரத்துக்கும் மேல் வந்து சேர்ந்தார்கள்.

“ரோடு வழியா பக்கத்து நாடு” என்று கம்ப்யூட்டர் டி.வி.யைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான். அதற்கு மேல் பேசவில்லை. டிக்கெட் எடுக்கவில்லை நாங்கள். எனக்குத் தெரிந்த நெல்லைக்காரர் ஒருவர் ஆகஸ்டுக்கு முழுப் பணமும் கட்டியிருந்தார். அவருடைய ஏஜென்ட் ‘பிளேனை நான் நிறுத்தலையே ஸார்’ என்றாராம். ஆறு மாதம் நடந்து, பாதி வாங்கினார்.

அந்த ஜூன் கடைசியில் சாச்சாவோடு பழைய குற்றாலம் போயிருந்தோம். அங்கே எல்லாரும் அருவியைப் பார்ப்பார்கள். அவர் மலையைப் பார்ப்பார். மேலே மேகம் கறுக்கிறதா, தண்ணீர் கலங்கலாகிறதா, சருகும் சுள்ளியும் வருகிறதா என்று. 2024 மே 17 அன்று அங்கே நடந்தது இந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் மறக்காது. மேலே மலையில் பெய்த மழை, கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் சுதாரிப்பதற்குள் படிக்கட்டு வழியாகக் காட்டாறாக இறங்கிவிட்டது. 17 வயசுப் பையன் ஒருவன் அதில் போய்விட்டான்.

போலீஸ்காரர் விசில் ஊதினார். வெளியூர் இளவட்டங்கள் நாலு பேர் ‘ஸார், ரெண்டே நிமிஷம்’ என்று தலையை மறுபடி அருவிக்குள் விட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அருவி அப்படி. ஆனால் ஈரான் மாதிரி தேசத்துக்கு நம் வெளியுறவு அமைச்சகம் ஊதும் விசிலுக்கும் நம்மவர்கள் இதே பதில்தான் சொல்கிறார்கள். ‘அவசியமில்லாமல் போக வேண்டாம்’ என்று அறிவிப்பு இருக்கிற நாளில் போகக்கூடாது. டிக்கெட் வாங்குகிற அன்று ஒரு தடவை, கிளம்புகிற அன்று ஒரு தடவை அதைப் பார்க்க வேண்டும். போய்விட்டால் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிட வேண்டும். விசில் கேட்டால் கணக்குப் பார்க்காமல் கரையேறிவிட வேண்டும்.

மலைமேல் அதன்பிறகும் மழை விடவில்லை. 2025 செப்டம்பர் 28 அன்று ஐ.நா. தடைகள் மறுபடி அமலுக்கு வந்தன. நவம்பர் 22 அன்று இந்தியர்களுக்கான விசா விலக்கையும் ஈரான் நிறுத்திவிட்டது. அந்தக் கடத்தல் ஏஜென்டுகள் செய்த புண்ணியம். தென்காசி தனி மாவட்டம் ஆனதும் ஒரு நவம்பர் 22-தான், 2019-ல். கேஷியர் ஃபைலில் அதையும் எழுதி வைத்திருக்கிறான், எதற்கென்று தெரியவில்லை.

ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. கம்ப்யூட்டருக்கு இஸ்பஹான் ஆசை போகவில்லை. அந்த ஊர்க்காரர்கள் விருந்தாளியைக் கொண்டாடுவார்கள் என்று போய்வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள், அது பொய்யாக இருக்க நியாயமில்லை. ஒரு நாள் போவோம். கட்டிவைக்க வேண்டிய அந்த மூன்றாவது கட்டுக்கு மட்டும் மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அன்று பழைய குற்றாலத்திலிருந்து நேரே பிரானூர் பார்டர். ஈரத் தலையோடு பரோட்டா, மிளகுக் கோழி, அதன் மேல் இன்னொரு பரோட்டா. சாச்சா இரண்டோடு நிறுத்திக்கொண்டார். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. பில் வந்ததும் கம்ப்யூட்டர் கெத்தாகப் போனை எடுத்து கல்லாவில் ஒட்டியிருந்த கட்டம்போட்ட சீட்டுக்கு நேரே நீட்டினான். வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கேஷியர் தன் போனை நீட்டினான். அதிலும் வட்டம். மலையோரம் மழை என்றால் சிக்னல் போய்விடும், இது தெரிந்ததுதான். மூன்று பேர் சட்டைப்பையிலும் சேர்த்துத் தேடியதில் எழுபது ரூபாய் கிடைத்தது.

சாச்சா பச்சை பெல்ட்டின் பையைத் திறந்து, மடங்காத நோட்டுகளாக எண்ணி வைத்தார்.

“மூணு பேருக்கும் சேத்து எளுதிக்க, கேசியரே!”